பங்குக் கணக்கு தெரிந்த ஊருக்குக் கூட்டு ஒப்பந்தம் புதிதல்ல

கேள்வி: ஐயா, வணக்கம். தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் கடலோரமாக இருக்கும் மீனவ கிராமம் எங்களுடையது. ஊர்க் கமிட்டியின் பொருளாளராக இருக்கிறேன். கீழே மீன் ஏலக்கூடமும் பத்து டன் குளிர் அறையும், மேலே சமுதாயக் கூடமுமாக ஒரு கட்டடம் எழுப்ப முடிவெடுத்திருக்கிறோம். ஊர்ப் பொதுப் பணமும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியதுமாக ஒன்றரைக் கோடி ரூபாய் சேர்ந்திருக்கிறது. 2006-இல் கட்டிய பழைய கூடத்தின் தளம் பன்னிரண்டு வருடத்தில் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. கேட்டபோது ஒப்பந்தக்காரர் பொறியாளரைக் கைகாட்டினார், பொறியாளர் கொத்தனாரை, கொத்தனார் தண்ணீரை. இந்த முறை மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறோம். அதில் குறைந்தது 1 கோடியே 28 லட்சம். சிங்கப்பூரில் கட்டுமானத்தில் வேலை செய்யும் என் மைத்துனர், “குறைந்த விலைக்குப் போகாதீர்கள், வரைபவர், கட்டுபவர், நீங்கள் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் சேருங்கள், லாபமும் நட்டமும் பொது என்று எழுதுங்கள்” என்கிறார். பெரியவர்களோ, “எல்லோரும் ஒன்றாகிவிட்டால் தப்பு நடக்கும்போது யாரைப் பிடிப்பது? 64 புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினார்களே, அப்போது எந்தக் கூட்டு ஒப்பந்தம் இருந்தது?” என்கிறார்கள். நாங்கள் எந்தப் பக்கம் போவது?

பதில்:

அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

கூட்டு முறையிலேயே போங்கள். ஆனால் உங்கள் மைத்துனர் சொல்லும் முழு அளவுக்குப் போக வேண்டாம். பெரியவர்களின் கேள்வியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது.

முதலில் பழைய கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான். மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். கடலோரக் கான்கிரீட்டில் உப்பு ஊறி ஊறி உள்ளே போகும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அந்த நெருக்கத்தில் கான்கிரீட் உள்ளிருந்து பிளந்து பாளம் பாளமாகப் பெயரும். இதைத் தள்ளிப்போடத்தான் நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 கடலோரக் கட்டடத்துக்குத் தனி அளவுகள் வைத்திருக்கிறது. கடற்காற்றில் நேரடியாக நிற்கும் கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும். கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட் கனம், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் வேண்டும். கடல் தண்ணீர் சாரலாகவே வந்து விழும் இடமென்றால் எம்35, கவர் 50 மில்லிமீட்டர். கலக்கும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் ஊர்ப் போர் தண்ணீர் இந்தக் கணக்குக்குள் வருமா என்று வாயில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கவர் எத்தனை என்று வரைபடத்தில் எழுதுவது பொறியாளர். அந்த இடைவெளி குறையாமல் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைப்பது கம்பி கட்டுபவர். நல்ல தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பது ஒப்பந்தக்காரர். லாரித் தண்ணீரின் விலை எஸ்டிமேட்டில் இல்லையென்றால் ஒப்பந்தக்காரர் போர் தண்ணீரைத்தான் எடுப்பார். குறைந்த விலை சொல்லி வேலை பிடித்தவருக்கு வேறு வழி கிடையாது. கொத்தனார் வாய் திறந்தால் கூலி போகும். இப்படி ஒவ்வொருவரும் தன் வேலியை மட்டும் காத்துக்கொண்டு நின்றதில் ஊருக்கு வந்து சேர்ந்தது பெயரும் தளம்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் தொண்டிப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். நடு பில்லரும் இரண்டு பெரிய பீம்களும் சேரும் இடத்தில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தபோது, உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பொந்து. கம்பிகள் வெளியே பல்லிளித்துக்கொண்டிருந்தன. அந்தச் சந்தியில் கம்பிகள் அவ்வளவு நெருக்கம். முக்கால் அங்குல ஜல்லி இறங்கவில்லை, வைப்ரேட்டர் ஊசியும் இறங்கவில்லை. கம்பி கட்டிய பெரியவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “படத்தைப் பார்த்த அன்றைக்கே தெரியும் ஐயா, என்னை யாரும் கேட்கவில்லையே” என்றார். அவரிடம் கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். உடைத்துக் கட்ட மூன்று வாரம் ஆனது. அந்தச் செலவு யாருடையது என்ற சண்டை அதற்கு மேலும் பல மாதம் ஓடியது. கூட்டு ஒப்பந்தம் என்று யார் பேசினாலும் என் மனதில் வருவது அந்தப் பெரியவரின் முகம்தான். அவர் வாயைத் திறக்க வைக்கும் ஏற்பாடு எதுவோ அதுவே கூட்டு முறை.

வழக்கமான முறையில் வரைபடம் முழுதாக முடிந்த பிறகுதான் ஒப்பந்தக்காரர் உள்ளே வருகிறார். அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டிய நேரம் அதற்குள் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழையும் ‘எக்ஸ்ட்ரா’ பில்லாக உங்களிடம் வரும். பிழை அதிகமானால் அவருக்கு வருமானம் அதிகம். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்குக் கொடுத்த ஒப்பந்தம் அப்படி. கூட்டு முறை இந்த வரிசையை மாற்றுகிறது. கோடு போடும்போதே கட்டுபவர் உட்கார்ந்திருப்பார். கணக்குப் புத்தகம் எல்லோருக்கும் திறந்திருக்கும். மிச்சமானால் எல்லோருக்கும் பங்கு, மீறினால் எல்லோருக்கும் வெட்டு.

உங்கள் கட்டடத்தில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் குளிர் அறை. பொதுவாகக் கட்டடம் முடியும் தறுவாயில்தான் குளிர்சாதனக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, தரைக்கடியில் நான்கு அங்குலத்துக்குப் பஃப் காப்புப் பலகை போட வேண்டும், அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும் என்பார். அந்த இடத்தில் தரையை முன்கூட்டியே பள்ளமாக விட்டிருக்க மாட்டார்கள். ஆக, ஏலக்கூடத்துத் தரையைவிடக் குளிர் அறைத் தரை ஒரு படி உயரமாகிவிடும். மீன் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி அந்தப் படியில் முட்டி நிற்கும். பிறகு கட்டடம் இருக்கும் காலம் முழுக்க, ஐஸ் போட்ட பெட்டியைத் தினமும் இரண்டு பேர் கையால் தூக்கி உள்ளே வைப்பார்கள். இதைத் தவிர்க்க ஆகும் செலவு, அஸ்திவார வரைபடம் போடும் நாளில் அவரை ஒரு மணி நேரம் கூப்பிட்டு உட்கார வைப்பது மட்டுமே. வெளியே நிற்கும் கம்ப்ரஸர் யூனிட்டைக் கடற்காற்று அறையும் பக்கம் வைத்தால் அதன் மெல்லிய தகடுகள் சீக்கிரமே அரித்துப் போகும். அதை எந்தச் சுவருக்குப் பின்னால் மறைப்பது என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

அந்தக் கூட்டத்தில் ஏலக்கூடத்தில் உட்காரப் போகும் பெண்களும் இருக்க வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினால் தங்கள் கூடை நனையாது, நடுமத்தியான வெயில் எந்தத் தூணைத் தாண்டி விழும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கமிட்டியில் ஆண்கள் மட்டும் இருந்தால் இதற்காகவாவது இரண்டு பெண்களைச் சேருங்கள்.

இனி பங்குக்கு வருகிறேன். லாபமும் நட்டமும் பொது என்றால் பெரியவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்ததே அதுதான். படகு கரைக்கு வந்து மீன் விற்றதும் என்ன நடக்கிறது? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழிகிறது. மீதியில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் படகுக்கும் வலைக்குமான பங்கு, கடலுக்குப் போனவர்களுக்கு ஆள் பங்கு. பாடு நன்றாக இருந்தால் எல்லோர் கையிலும் காசு. பாடு இல்லையென்றால் எல்லோருக்கும் வெறுங்கை. டீசல் எத்தனை லிட்டர் பிடித்தது என்பது படகில் எல்லோருக்கும் தெரியும், ஒளிக்க முடியாது. கட்டுமானத்தில் இதையே இலக்குச் செலவு, திறந்த கணக்கு என்று பெயர் வைத்து எழுதுகிறார்கள்.

உலகில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய வேலையும் கடலில்தான் நடந்தது. வட கடலில் பிரிட்டனுக்குச் சொந்தமான பகுதியில் ஆண்ட்ரூ என்றொரு எண்ணெய் வயல். பழைய முறையில் ஒப்பந்தம் போட்டால் கட்டுப்படியாகாது என்று கிடந்த திட்டம் அது. 1990-களில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் தன் ஒப்பந்த நிறுவனங்களோடு சேர்ந்து, 37.3 கோடி பவுண்டு இலக்கு வைத்து, மிச்சமும் மீறலும் எல்லோருக்கும் பங்கு என்று எழுதிக்கொண்டது. வேலை ஏறத்தாழ 29 கோடி பவுண்டில் முடிந்தது, குறித்த நாளுக்கு மாதக்கணக்கில் முன்னதாக 1996-இல் எண்ணெயும் வந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் இந்த முறை பெரிதாகப் பரவியது.

உங்கள் கட்டடத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் குழு உட்கார்ந்து போடும்போது மாறும். சிமெண்ட், கம்பி, கூலி, குளிர்சாதனம் எல்லாம் சேர்த்து நேரடிச் செலவு 1 கோடியே 30 லட்சம் என்று எல்லோரும் சேர்ந்து மதிப்பிடுகிறீர்கள். இந்தச் செலவைப் பில்லைப் பார்த்து அப்படியே கொடுக்கிறீர்கள். குழுவின் லாபம் 13 லட்சம், தனியாக எழுதி வைக்கிறீர்கள்: ஒப்பந்தக்காரருக்கு 9, பொறியாளருக்கு 2, குளிர்சாதனக்காரருக்கு 2. உங்கள் ஒன்றரைக் கோடியில் மீதி 7 லட்சத்தை ஊர் தன் கையில் வைத்துக்கொள்கிறது. வேலை 1 கோடியே 22 லட்சத்தில் முடிந்தால் 8 லட்சம் மிச்சம். அதில் பாதி ஊருக்கு, பாதி குழுவுக்கு லாபத்துக்கு மேல் கூடுதலாக. வேலை 1 கோடியே 40 லட்சத்தைத் தொட்டால் 10 லட்சம் மீறல். அதில் பாதி குழுவின் லாபத்தில் வெட்டு, அவர்களுக்கு 13-க்குப் பதில் 8. மீதிப் பாதி ஊரின் கையிருப்பிலிருந்து. அப்போதும் 1 கோடியே 48 லட்சத்தில் முடித்துவிடுவீர்கள்.

ஆனால் அதையும் தாண்டி 1 கோடியே 60 லட்சத்துக்குப் போனால்? குழுவின் லாபம் 13 லட்சமும் போய்விடும். அதற்குமேல் அவர்களிடமிருந்து பிடிக்க முடியாது; நேரடிச் செலவை அவர்கள் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னால் எந்த நேர்மையான ஒப்பந்தக்காரரும் இந்த ஏற்பாட்டுக்கு வரமாட்டார். மீதியை ஊர்தான் சுமக்க வேண்டும். இதைப் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குக் காவலாக ஒரு விதியையும் எழுதுங்கள்: வாராவாரம் மொத்தச் செலவை முன்கூட்டிக் கணக்கிட்டு, அது 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்த அன்றே வேலையை நிறுத்தி எல்லோரும் உட்கார வேண்டும். மேல்மாடிப் பூச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், டைல்ஸைக் குறைக்கலாம். கவரையும் கான்கிரீட் தரத்தையும் தொடக் கூடாது. இதைத் தனி வரியாகவே ஒப்பந்தத்தில் போடுங்கள். பணத்தை மிச்சம் பிடித்தால் பங்கு உண்டு என்றானதும், முதலில் கை போகும் இடம் கண்ணுக்குத் தெரியாத கவர்தான்.

தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? படகில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதற்காகச் சுக்கானை எல்லோருமா பிடிக்கிறார்கள்? படகைப் பாறையில் ஏற்றினால் ஓட்டியவர் பதில் சொல்ல வேண்டும். அதுபோலப் பணமும் தகவலும்தான் பொது, பொறுப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கம்பி வடிவமைப்புக்குப் பொறியாளர் கையெழுத்து. கலவைக்கும் நீராற்றுவதற்கும் ஒப்பந்தக்காரர். தளம் போடும் முன் கவர் பிளாக்கை அளந்து பார்த்துப் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும், அந்தத் தாள் இல்லாமல் கலவை இயந்திரம் சுற்றக் கூடாது. ஆஸ்திரேலிய ஒப்பந்தங்களில், வேண்டுமென்றே செய்த தவறு போன்ற சிலவற்றைத் தவிர ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை என்றே எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் மைத்துனர் அதையும் சொல்லியிருக்கலாம். அந்த வரி உங்களுக்கு வேண்டாம். சொந்தமாகப் பொறியாளர் குழு வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுக்கு ஏற்றது அது. கட்டமைப்புப் பழுதுக்கு ஐந்து வருடப் பொறுப்பை எழுதி வாங்குங்கள். கொடுக்க வேண்டியதில் ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள்.

பாம்பன் பாலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாலத்தைத் தாங்கிய கர்டர்கள் எனும் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் கடலில் கிடந்த கர்டர்களை மேலே எடுத்துத் திரும்பப் பொருத்தி 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். அங்கே கூட்டு ஒப்பந்தம் இருக்கவில்லை என்பது உண்மை. அது தேவைப்படவும் இல்லை. பாலத்தின் உரிமையாளரும் ரயில்வே, முடிவெடுத்த பொறியாளரும் ரயில்வே. கர்டர் கடலடியில் கிடக்கிறது என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்ற முடிந்தது. விலையைத் திருத்தக் கேட்டுக் கடிதம் போடவோ, யார் செலவு என்று வழக்காடவோ நடுவில் ஆள் இல்லை. உங்கள் கட்டடத்தில் நான்கு தனித்தனிக் கைகள் இருக்கின்றன. அந்த நான்கையும் ஒரே வீட்டு ஆட்கள்போல நடந்துகொள்ள வைக்கத்தான் இத்தனை எழுத்தும் கணக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வார்த்தை. விலை கேட்ட மூன்று பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். 1 கோடியே 28 லட்சம் சொன்னவரையும் விட்டுவிட வேண்டாம், அவரே நல்லவராக இருக்கலாம். இந்த முறை மொத்த விலை கேட்காதீர்கள். கடலோரத்தில் பத்து வருடத்துக்கு முன் கட்டிய ஒரு கட்டடத்தைக் காட்டச் சொல்லுங்கள். போய் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துருவின் பழுப்புக் கோடு முதலில் தெரிவது அங்கேதான். பிறகு, எத்தனை சதவீத லாபத்துக்கு, சிமெண்ட் கடை பில்லையும் கூலிப் பட்டியலையும் உங்கள் முன் திறந்து வைத்து வேலை செய்வார் என்று கேளுங்கள். பில்லைக் காட்டத் தயங்குபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்த முறைக்கு ஆகமாட்டார். வரைபடக் காலத்தில் அவர் செலவழிக்கும் நேரத்துக்கும் சிறு தொகை கொடுங்கள். இலவசமாகக் கேட்ட ஆலோசனையை யாரும் மனதார யோசித்துச் சொல்வதில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. வாரம் ஒரு நாள், தவறாமல், பில் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் ஊர் சார்பில் உட்கார வேண்டும். முடிந்தால் குழுவில் இல்லாத ஒரு பொறியாளரை அதற்கென்று கூலி கொடுத்து வையுங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லையென்றால் கூட்டு முறையையே விட்டுவிட்டு, அளவுக்கு ஏற்ற ரேட் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மேல். சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் எப்படியானாலும் அதுவே போதும்.

இரண்டு விஷயங்களை வரைபடத்துக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இடம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அந்த அனுமதி கிடைக்கும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். குளிர் அறைக்கு அரசு மானியம் கேட்பதாக இருந்தால் அதோடு டெண்டர் நிபந்தனைகளும் வரலாம். மானியத்தை இந்தப் பங்குக் கணக்கோடு கலக்க முடியுமா என்று துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்களெல்லாம் கரையில் இருப்பார்கள். வரைபடக் கூட்டங்களை அந்த நாட்களில் வையுங்கள். ஆடிக் காற்று ஓயும்வரை தளம் போட வேண்டாம். அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சி, போட்ட அன்றே கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்பு விட வைக்கும். ஆவணியில் கீழ்த்தளத்தைப் போட்டு, ஐப்பசி மழைக்கு முன் அதை நீராற்றி முடித்துவிடலாம். முதல் கூட்டத்துக்குப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், குளிர்சாதனக்காரர் ஆகியோருடன் கம்பி கட்டப் போகிற ஆளையும் கூப்பிட்டு, அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். அன்றைய கூலியையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.